காம்பில் கண், ஓட்டுக்குள் இறக்கை: ஈக்கள் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் பள்ளிக்குப் பின்னால் தேயிலைத் தோட்டத்தை ஒட்டி ஒரு சிறு சோலை இருக்கிறது. அதற்குள் ஓடும் ஓடைக்கரையில், இலைமேல் ஒரு பூச்சியைப் பார்த்தோம். நீளம் அரை அங்குலம்கூட இல்லை. தலையின் இரு பக்கமும் குச்சி நீட்டியதுபோல இருந்தது. குச்சி முனையில் செந்நிறக் கண். பிள்ளைகள் ‘விமானப் பூச்சி’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். இது என்ன பூச்சி? அரிதானதா? படம் இணைத்திருக்கிறேன்.
– பள்ளி ஆசிரியை, வால்பாறை

பதில்: பிள்ளைகள் வைத்த பெயர் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இது ஈ. ஓர் இணை இறக்கைதான் இருக்கும். பின் இறக்கை இருக்க வேண்டிய இடத்தில் குண்டூசித் தலைபோல இரண்டு குமிழ்கள் இருக்கும். அந்தக் குமிழ் தெரிந்துவிட்டால், உருவம் எவ்வளவு விசித்திரமாக இருந்தாலும் ஈ வரிசையில் வைத்துவிடலாம். உங்கள் படத்தில் இடப்பக்கக் குமிழ் வெள்ளையாகத் தெரிகிறது.

குடும்பம் டயாப்சிடே. தமிழில் காம்புக்கண் ஈ எனலாம். உலகில் இருநூறு இனங்கள் அளவில் அறியப்பட்டவை, பெரும்பாலானவை ஆப்பிரிக்காவில். 1775-இல் லின்னேயஸ் காலத்திலேயே பெயர் பெற்ற கூட்டம் இது.

கண் விலகியிருப்பதை மட்டும் பார்த்து இந்தக் குடும்பம் என்று முடிவுகட்டக் கூடாது. வேறு சில ஈக்களிலும், குறிப்பாக ஆண்களில், தலை சுத்தியல்போல அகன்றிருக்கும். பார்க்க வேண்டியது உணர்கொம்பை. காம்புக்கண் ஈயில் கண்ணோடு சேர்ந்து உணர்கொம்பும் காம்பின்மேல் நகர்ந்துபோய், கண்ணுக்குப் பக்கத்தில் நிற்கும். மற்றக் குடும்பங்களில் கண் எவ்வளவு தூரம் போனாலும் உணர்கொம்பு இரண்டும் முகத்தின் நடுவிலேயே இருக்கும். பப்புவா நியூ கினியில் மான்கொம்பு வைத்ததுபோல ஓர் ஈ உண்டு. அதில் கொம்பு முளைப்பது கண்ணுக்குக் கீழே கன்னத்திலிருந்து. கண் தன் இடத்திலேயேதான் இருக்கும்.

இன்னும் இரண்டு அடையாளங்களும் உங்கள் படத்தில் பொருந்துகின்றன. முன்னங்கால் தொடை பருத்து, அடிப்புறம் சிறு முட்களோடு இருக்கிறது. மார்பின் பின்முனையில் இரண்டு நீண்ட முட்கள் வால்போல நீட்டிக்கொண்டிருக்கின்றன.

பேரினம் எது என்பதற்கு இறக்கை உதவும். டயாப்சிஸ் பேரினத்தில் பலவற்றுக்கு இறக்கை பெரும்பாலும் தெளிவாக, நுனியருகே ஒரு கரும்புள்ளியோடு இருக்கும். டெலியாப்சிஸில் இறக்கை முழுக்கப் பட்டை பட்டையாகப் புகைபிடித்ததுபோல இருக்கும். ஸ்பைராசெஃபாலாவில் காம்பு குட்டை. முதல் பார்வையில் சாதாரண ஈ என்றே தோன்றும். உங்கள் ஈயின் இறக்கையில் பட்டைகள் இருப்பதால் டெலியாப்சிஸ் என்று சொல்வதில் எங்களுக்குத் தயக்கமில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் அடிக்கடி பதிவாவது டெலியாப்சிஸ் சைக்சி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தக்காணத்தில் பணியாற்றிய சைக்ஸ் என்ற படை அதிகாரியின் பெயர் அது. உங்களுடையதும் அதுவாக இருக்கலாம். ஆனால் ஒரே ஒரு மேற்பார்வைப் படத்தை வைத்து இனப்பெயரை உறுதி செய்ய மாட்டோம். பக்கவாட்டில் மார்பும், நேர் எதிரில் முகமும் தெரியும் படங்கள் வேண்டும்.

அரிதா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் இருக்கும் மேட்டில் நூறு ஏக்கர் தேயிலைக்குள் தேடினாலும் ஒன்றுகூடக் கிடைக்காது. சரியான ஓடையில் ஒரு மணி நேரத்தில் முப்பது பார்க்கலாம். இதை அரிது என்பதைவிட இடம் பிடித்து வாழ்வது என்பதே சரி.

பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு செய்தி. கூட்டிலிருந்து வெளிவரும்போது இந்த ஈக்கு நீண்ட காம்பு கிடையாது. சுருங்கிக் கசங்கிய மென்மையான காம்போடு வரும். காற்றை விழுங்கித் தலைக்குள் அழுத்தும். கால் மணி நேரத்தில் காம்பு பலூன்போல நீண்டு, பிறகு இறுகிவிடும். அந்த நேரத்தில் ஏதாவது இடித்தால் ஆயுள் முழுக்கக் கோணல் காம்புதான்.

கேள்வி: அதே ஓடையில் ஒரு குறிப்பிட்ட இருபது அடிக்குள்தான் அது இருக்கிறது. மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. ஏன்? அந்த இடத்தைக் காப்பாற்ற என்ன செய்ய வேண்டும்?
– அதே ஆசிரியை

பதில்: முதல் கேள்வியைவிட இதுதான் எங்களுக்குப் பிடித்த கேள்வி. ஈ எங்கே உட்கார்கிறது என்று பார்ப்பதோடு நிறுத்தாமல், அதன் புழு எங்கே வளர்கிறது, ஈ இரவில் எங்கே தங்குகிறது என்று மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மூன்றும் கைக்கெட்டும் தூரத்தில் அமைந்த இடத்தில்தான் இந்த ஈ நிலைக்கும்.

இந்தக் கூட்டத்தில் பெரும்பாலானவற்றின் புழுக்கள் அழுகும் தாவரப் பொருளில் வளர்கின்றன. ஓடைக்கரையில் தேங்கிச் சொதசொதவென்று கிடக்கும் இலைச்சருகு, மட்கிய தண்டு, விழுந்த பழம் இவைதான் தொட்டில். சோதனைக்கூடங்களில் அரைத்த மக்காச்சோளத்திலேயே வளர்த்துவிடுகிறார்கள். விதிவிலக்கும் உண்டு: ஆப்பிரிக்காவில் டயாப்சிஸ் இனம் ஒன்று நெற்பயிரின் தண்டைத் துளைக்கும் பூச்சியாகவே பெயர் வாங்கியிருக்கிறது. வளர்ந்த ஈயோ இலைப்பரப்பில் படியும் பூஞ்சையையும் ஈஸ்ட்டையும் நக்கித் தின்னும். அதனால்தான் காய்ந்த இலையில் உட்காராமல், நிழலில் ஈரம் காயாத தாழ்ந்த செடிகளின் இலையில் உட்காருகிறது.

மூன்றாவது, இரவுத் தங்கல். மலேசியாவின் கோம்பாக் பகுதி ஓடைகளில் டெலியாப்சிஸ் டால்மன்னி என்ற இனத்தை நீண்ட காலமாக ஆராய்ந்து வருகிறார்கள். பொழுது சாயும்போது ஈக்கள், அரித்த கரையின் அடியில் நூல்போலத் தொங்கும் வேர்களுக்கு வந்து வரிசையாகத் தொற்றிக்கொள்கின்றன. ஒரு வேரை ஓர் ஆண் பிடித்துக்கொள்ளும். போட்டிக்கு வேறோர் ஆண் வந்தால் இரண்டும் முகத்துக்கு முகம் நின்று கண்காம்பை அளந்துபார்க்கும். குட்டைக் காம்புக்காரன் பெரும்பாலும் சண்டையில்லாமலே விலகிவிடும். பெண்களும் நீண்ட காம்புள்ள ஆணின் வேரையே நாடும். புழுப் பருவத்தில் நன்றாகத் தின்றவனுக்குத்தான் நீண்ட காம்பு வாய்க்கும் என்பதால் அந்தக் கணக்கு அவ்வளவாகத் தப்புவதில்லை. உங்கள் ஈயும் இப்படியே செய்கிறதா என்று மாலை ஆறு மணிவாக்கில், மங்கலான சிவப்பு விளக்கோடு கரையடியில் பாருங்கள். வெள்ளை விளக்கை நேரே அடித்தால் கலைந்துவிடும். அட்டைக்கும் பாம்புக்கும் எச்சரிக்கையாக இருங்கள். பிள்ளைகளை இந்த நேரத்தில் அழைத்துச் செல்ல வேண்டாம்.

இப்போது உங்கள் இருபது அடியை எங்கள் கணக்கோடு ஒப்பிடுங்கள். மேலே தண்ணீர் வேகமாகப் பாய்ந்து சருகை அடித்துக்கொண்டு போகிறதா? கீழே கரைக்குக் கல் கட்டிவிட்டார்களா? நடுவில் மட்டும் கரை உட்குடைந்து வேர் தொங்குகிறதா? எது இல்லாமல் போகிறதோ அதுவே எல்லை.

காப்பதற்குப் பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, சிலவற்றைச் செய்யாமல் இருக்க வேண்டும். ‘தூய்மைப் பணி’ என்று சருகை வாரக் கூடாது. பிளாஸ்டிக்கை எடுங்கள், சருகை விடுங்கள். கரைப் புதரில் களைக்கொல்லி அடிக்க வேண்டாம் என்று தோட்டத்தாரிடம் கேளுங்கள். மண் அரிக்கிறது என்று சிமென்ட் சுவர் எழுப்பினால் வேரும் போகும், ஈயும் போகும். நிழல் தரும் மரம் ஒன்று போனாலும் இலையின் ஈரம் காலை பத்து மணிக்கே காய்ந்துவிடும்.

அளந்து பார்க்க விரும்பினால் இருபது மீட்டர் நீளத்தைக் கயிறு கட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை, காலை ஒரே நேரத்தில், ஒரே ஆள், ஒரே வேகத்தில் நடந்து எண்ணட்டும். ஆள் மாறினால் எண்ணிக்கையும் மாறும். அதை ஈயின் மாற்றம் என்று எண்ணி ஏமாறுவது வழக்கமான தவறு. மழை பெய்த நாளை நோட்டில் தனியாகக் குறியுங்கள். ஓடை தோட்டத்துக்குள் இருக்கிறதா, காப்புக்காட்டுக்குள் இருக்கிறதா என்பதையும் முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வால்பாறையைச் சுற்றி ஆனைமலைப் புலிகள் காப்பகம். அங்கே வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையவோ ஒரு பூச்சியைப் பிடிக்கவோ கூடாது.

கேள்வி: வயல் வரப்புப் புல்லில் நீலமாக மினுங்கும் சிறு வண்டு ஒன்றைப் பார்த்தேன். ஐந்து மில்லிமீட்டர் இருக்கும். தொடப் போனால் ஈபோலப் பறக்கிறது. வண்டு என்றால் ஓட்டைத் திறந்துதானே பறக்க வேண்டும்? இது திறக்கவே இல்லை.
– கூடலூர், நீலகிரி

பதில்: பார்வைக்கு உங்களுக்கு நூற்றுக்கு நூறு. அந்தக் கடைசி வரியிலேயே விடை இருக்கிறது. அது வண்டு ஈ, குடும்பம் செலிஃபிடே. ஈக்களின் மார்புக்குப் பின்னால் முக்கோணமாக ஒரு சிறு தகடு இருக்கும். இந்தக் குடும்பத்தில் அந்தத் தகடு ஊதிப் பெருத்து, வயிறு முழுவதையும் குல்லாய்போல மூடிவிட்டது. இறக்கை அதனடியில் மடிந்து கிடக்கும். தகடு அசையாது, இறக்கை பக்கவாட்டில் வழுக்கி வெளியே வரும்.

மூன்றைப் பிரித்தறிய எளிய வழி உண்டு. முதுகின் நடுவே நேர்க்கோடு இருந்தால் வண்டு, ஏனென்றால் வண்டின் ஓடு இரண்டு பாதி. கோடு இல்லை, ஆனால் அடியில் ஊசிபோன்ற அலகு மடங்கிக் கிடக்கிறது என்றால் அது பளபளப்பான கேடய நாவாய்ப்பூச்சி. கோடும் இல்லை, அலகும் இல்லை, பெரிய ஈக்கண் இருக்கிறது என்றால் வண்டு ஈ. கை லென்ஸ் இருந்தால் உணர்கொம்பின் மயிரையும் பாருங்கள். இதில் அடிப்பகுதி இலைபோலத் தட்டையாக இருக்கும்.

வாழிடம் ஈரப் புல்வெளி, வாய்க்கால் ஓரம், நிழல் படிந்த வரப்பு. புழு மட்கும் புல்பூண்டில் வளரும். பயிருக்கு எந்தத் தீங்கும் இல்லை, மருந்தடிக்க வேண்டாம். ‘பிரிட்டிஷ் இந்தியாவின் விலங்குகள்’ என்ற பழைய நூல்வரிசையில் புருனெட்டி என்ற பூச்சியியலாளர் 1912, 1920, 1923 ஆகிய ஆண்டுகளில் எழுதிய ஈ நூல்களில் இதைத் தேடிப் பலர் களைத்துப்போகிறார்கள். அந்தத் தொகுதிகளில் இந்தக் குடும்பமும் இல்லை, காம்புக்கண் ஈக்களும் இல்லை.

கேள்வி: செல்போனில்தான் படம் எடுக்கிறேன். ‘இதை வைத்து இனம் சொல்ல முடியாது’ என்றே எல்லோரும் பதில் தருகிறார்கள். எப்படி எடுத்தால் சொல்வீர்கள்?
– கல்லூரி மாணவர், திண்டுக்கல்

பதில்: அழகான படம் வேறு, அடையாளம் காட்டும் படம் வேறு. ஈயில் இனத்தைச் சொல்வது பெரும்பாலும் இறக்கை நரம்பும் மார்பு மயிரும். வண்ணம் அல்ல.

செல்போனில் மாட்டும் மேக்ரோ லென்ஸ் போதும். முதல் படம் ஈ உட்கார்ந்த செடியும் இடமும் தெரிய எட்டத்திலிருந்து. இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பிறகு நேர் மேலிருந்து ஒன்று, நேர் பக்கத்திலிருந்து ஒன்று, முகத்துக்கு நேரே ஒன்று. சாய்வாக எடுத்த படம் பார்க்க நன்றாக இருக்கும், அளக்க உதவாது. பக்கத்தில் மில்லிமீட்டர் வரைதாள் துண்டு ஒன்றை வையுங்கள். ரூபாய் நாணயம் வேண்டாம், நாணயத்தின் அளவு பதிப்புக்குப் பதிப்பு மாறுகிறது.

ஃபிளாஷ் நேரே அடித்தால் மார்பு மின்னி மயிரெல்லாம் மறைந்துவிடும். முன்னால் இரண்டு மடிப்பு டிஷ்யூ தாள் ஒட்டிக்கொள்ளுங்கள்.

ஈ நிற்க மறுத்தால், காய்ந்த சிறு குப்பியில் ஒரு துண்டு டிஷ்யூவோடு விட்டு, குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் ஐந்து முதல் பத்து நிமிடம் வையுங்கள். உறைபெட்டியில் வைத்தால் செத்துவிடும். வெளியே எடுத்ததும் ஒன்றிரண்டு நிமிடம் அசையாமல் நிற்கும். அதற்குள் வெள்ளைத் தாளில் எடுத்துவிட வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் உடம்பில் பனித்துளி பூத்து இறக்கை ஒட்டிக்கொள்ளும். ஆகவே கேமராவைத் தயாராக வைத்துவிட்டுக் குப்பியைத் திறங்கள்.

கண் வண்ணத்தை உயிரோடு இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். மாட்டைக் கடிக்கும் பெரிய ஈக்களின் கண்ணில் இருக்கும் பச்சை, ஊதாப் பட்டைகள் இறந்த கொஞ்ச நேரத்தில் மங்கிவிடும். காய்ந்த மாதிரியில் வெறும் கறுப்பே மிஞ்சும்.

கேள்வி: மாட்டுக்கொட்டகைச் சாணக் குழியில் வாலுள்ள புழுக்கள் நெளிகின்றன. வாலைத் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கின்றன. மாட்டு வயிற்றிலிருந்து வருகிறதா? பயமாக இருக்கிறது.
– ஒரத்தநாடு, தஞ்சாவூர்

பதில்: மாட்டு வயிற்றிலிருந்து வரவில்லை. இது எலிவால் புழு. வால் என்பது மூச்சுக்குழல். உயிர்வாயு இல்லாத சாக்கடை நீருக்குள் உடம்பு கிடக்க, குழலை மட்டும் மேலே நீட்டிக் காற்று வாங்குகிறது. குடையின் கம்பிபோல உள்ளடக்கி நீட்டக்கூடிய குழல் அது. உடலைப்போலப் பல மடங்கு நீளும். முற்றியதும் காய்ந்த மண் தேடி ஏறிவந்து கூட்டுப்புழுவாகும். வீட்டுத் திண்ணையில் ஊர்ந்து வந்து எல்லோரையும் அலறவைப்பது அந்தக் கட்டத்தில்தான்.

வெளிவருவது தேனீ சாயலில் இருக்கும் பூ ஈ. எண்ணிப் பாருங்கள், இறக்கை இரண்டே. உங்கள் பகுதியில் கிடைப்பவற்றில் சிலவற்றுக்குக் கண்ணில் புள்ளியோ கோடோ இருக்கும், அவை எரிஸ்டாலினஸ். கொட்டாது, கடிக்காது, கொத்தமல்லிப் பூவில் மகரந்தம் சேர்க்கும். புழு வேண்டாம் என்றால் குழியில் நீர் தேங்காமல் வடிய வழி செய்யுங்கள். மருந்து ஊற்றினால் ஒரு வாரத்தில் திரும்ப வரும்.

கேள்வி: பந்தயப் புறா வளர்க்கிறேன். புறாவைக் கையில் எடுத்தால் இறகுக்குள்ளிருந்து தட்டையான ஓர் ஈ, நண்டுபோலப் பக்கவாட்டில் ஓடுகிறது. நசுக்கினாலும் சாவதில்லை. இரண்டு முறை மருந்து போட்டும் மூன்று வாரத்தில் மறுபடி வந்துவிட்டது.
– வியாசர்பாடி, சென்னை

பதில்: புறாவின் பேன் ஈ. அறிவியல் பெயர் சூடோலிங்க்கியா கனாரியென்சிஸ். இறகுக்கு இடையில் ஓடவே தட்டையாகவும் தோல்போல உரமாகவும் அமைந்த உடம்பு, அதனால்தான் விரலுக்கு நசுங்காது. ஆணும் பெண்ணும் இரத்தம் குடிக்கும். உங்களையும் எப்போதாவது கடிக்கலாம். ஆனால் மனித உடலில் தங்காது.

மருந்து தோற்றதற்குக் காரணம் இந்த ஈ முட்டையிடாதது. புழுவைத் தன் வயிற்றுக்குள்ளேயே பால் கொடுத்து வளர்த்து, முழுதாய் வளர்ந்த பின் ஒவ்வொன்றாகக் கூட்டில் விடுகிறது. அது உடனே கறுத்து, கடுகைவிடச் சற்றுப் பெரிதாக, ஓடு இறுகிய உருண்டையாகிவிடும். அந்த ஓட்டுக்குள் மருந்து போகாது. நீங்கள் புறாவின் மேல் இருந்தவற்றைக் கொன்றீர்கள். அடைப்பெட்டியின் இடுக்கில் இருந்தவை மூன்று நான்கு வாரத்தில் வெளிவந்தன. உங்கள் ‘மூன்று வாரம்’ அந்தக் கணக்குத்தான்.

ஆகவே முதலில் பெட்டியைக் கவனியுங்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை கூட்டுக்குச்சி, வைக்கோல், எச்சம் எல்லாவற்றையும் வாரி எரியுங்கள். குப்பையில் கொட்டினால் அங்கிருந்து பறந்து வரும். மூலை இடுக்குகளைக் கத்தியால் சுரண்டி, மண்ணெண்ணெய் விளக்கோ ஊதுவிளக்கோ காட்டலாம். மரப்பெட்டி என்றால் கொதிநீர் போதும். புறாவுக்குப் போடும் பெர்மெத்ரின் தூளின் அளவைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுப் போடுங்கள். முதல் முறைக்குப் பின் மூன்றாவது வாரம் ஒன்று, ஆறாவது வாரம் ஒன்று. இறகு முளைக்கும் பருவக் குஞ்சுகளைத்தான் இந்த ஈ அதிகம் மொய்க்கும். அவற்றின் இறக்கையடியைத் தினமும் புரட்டிப் பாருங்கள்.

அலட்சியப்படுத்தாதீர்கள். புறாவின் சிவப்பணுவுக்குள் வாழும் ஹீமோபுரோட்டியஸ் என்ற ஒட்டுண்ணியை இந்த ஈதான் பரப்புகிறது. 1906-இலேயே அல்ஜீரியாவில் செர்ஜான் (Sergent) சகோதரர்கள் என்ற ஆய்வாளர்கள் இதை நிறுவிவிட்டார்கள். பந்தயத்தில் பாதி வழியில் சோர்ந்து இறங்கும் புறாவுக்கு இரத்தப் பரிசோதனை செய்து பாருங்கள்.

கேள்வி: மாடித் தோட்ட உரத்தொட்டியில் கறுப்புக் குளவிகள் மொய்க்கின்றன. கூடவே பழுப்பு நிறத் தடித்த புழுக்கள். இதுவும் ஏதாவது அரிய ஈயா?
– மதுரை

பதில்: அரியதல்ல. அமெரிக்கக் கண்டத்திலிருந்து உலகம் முழுக்கப் பரவிய கறுப்புப் படைவீரர் ஈ. கால் நுனி வெள்ளையாக இருக்கும். வயிற்றின் தொடக்கத்தில் கண்ணாடிபோல இரண்டு சன்னல் தெரியும். கொட்டாது. புழு உங்கள் காய்கறிக் கழிவைத்தான் தின்கிறது, விட்டுவிடுங்கள்.

கேள்வி: ஈக்களைச் சேகரித்துச் சாராயக் குப்பிகளில் வைத்திருந்தேன். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் எந்தக் குப்பி எந்த ஊர் என்றே தெரியவில்லை; சீட்டில் எழுத்து இல்லை. இவற்றை யாரிடம் காட்டுவது?
– கோயம்புத்தூர்

பதில்: பந்துமுனைப் பேனாவின் மை சாராயத்தில் கரைந்துவிடும். குப்பிக்கு வெளியே ஒட்டிய சீட்டும், ஒரு சொட்டு வழிந்தால் அழிந்துவிடும். ஊர் தெரியாத ஈயை எவரும் பெயரிட்டுத் தர மாட்டார்கள். அப்படியே தந்தாலும் அதை வைத்து எதுவும் செய்ய முடியாது. பழைய நாட்குறிப்போ, செல்போன் படங்களின் தேதியோ இருந்தால் எத்தனை குப்பியை மீட்க முடிகிறது என்று பாருங்கள். மீட்டவற்றைச் சென்னை சாந்தோமில் உள்ள இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டுக் கொண்டு செல்லுங்கள்.

இனிமேல் சேர்ப்பவற்றுக்கு: மரபணு ஆய்வுக்கு என்றால் 95 விழுக்காட்டுச் சாராயம்; உடலமைப்பைப் பார்க்க மட்டும் என்றால் 70 விழுக்காடு போதும், உடம்பு அவ்வளவாக விறைக்காது. மயிரடர்ந்த ஈக்களைச் சாராயத்தில் போடாதீர்கள், மயிர் கொத்தாக ஒட்டிக்கொள்ளும்; அவற்றைக் காயவைத்து ஊசியில் குத்துவதே நல்லது. சீட்டில் ஊர், கடல்மட்டத்திலிருந்து உயரம், தேதி, பிடித்தவர் பெயர், எதன்மேல் இருந்தது என்ற ஐந்தும் வேண்டும். கடைசி ஒன்றை எழுதாதவர்களே அதிகம். ‘ஓடைக்கரை, நிழல், ஈரச் சருகின் மேல்’ என்று மூன்று சொல் இருந்தாலே குடும்பத்தைத் தேடும் வேலை பாதி குறைந்துவிடும். தடித்த தாளில் பென்சிலால் எழுதி, சீட்டைக் குப்பிக்கு உள்ளேயே போடுங்கள்.